நப்பின்னை: பெயரின் வேர், வடிவங்கள், எழுத்துக்கூட்டல்

1. தாழம்பூ

நப்பின்னை கண்ணனின் தேவி, திருப்பாவையில் வருகிறவள். மார்கழி வந்தால் "நப்பின்னை என்று பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கலாமா" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். பதில் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நல்ல பின்னல் உடையவள் என்பார் ஒருவர். "நம் பின்னை"தான் அப்படி ஆயிற்று என்பார் இன்னொருவர். இளையவள் என்றும் லட்சுமி என்றும் சொல்வோரும் உண்டு. பெயர்ப் பட்டியல் தளங்களில் நான்கையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரே இழையில் பேசித் தீர்த்துவிடலாம். சொல் எப்படி உருவானது? பின்னை, பிஞ்ஞை, உபகேசி, நீளா எல்லாம் ஒரே பெயரா, வெவ்வேறா? தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எப்படி எழுதினால் பிற்பாடு சிக்கல் வராது? ஆதாரத்தோடு சொல்லுங்கள். சோதிடம், எண் கணிதம் வேண்டாம்.

2. ஏட்டுச்சுவடி

முதலில் முன்னால் நிற்கும் "ந"வைப் பார்ப்போம். பெயரின் முதல் எழுத்து சும்மா வந்ததல்ல. சங்கப் புலவர் பெயர்களில் இது ஒரு வரிசையாகவே இருக்கிறது. பெண்பாற் புலவர்களை மட்டும் எடுத்தாலே நக்கண்ணையார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார் என்று மூவர். ஆண்களில் நக்கீரர், சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார், முல்லைப்பாட்டு பாடிய நப்பூதனார்.

கண்ணை, செள்ளை, பசலை, கீரன், தத்தன், பூதன் என்பவை தனிப் பெயர்கள். முன்னால் "ந" சேர்ந்ததும் அடுத்த வல்லினம் இரட்டிக்கிறது: நக், நச், நத், நப். சிறப்புப் பொருள் தரும் முன்னொட்டு இது. "நல்ல" என்று பொருள் கொள்வதில் தவறில்லை. வல்லினம் இல்லாத இடத்தில் வேறு உரு எடுக்கும். மெல்லினத்துக்கு முன் அள்ளூர் நன்முல்லையார், கச்சிப்பேட்டு நன்னாகையார். உயிருக்கு முன் நல்லந்துவனார்.

ஆக நப்பின்னை என்பது ந + பின்னை. "நற்பின்னை" என்று திருத்தி எழுதுவோர் உண்டு. அது நல் + பின்னை என்று புதிதாகச் சேர்த்தது. இலக்கணப்படி பிழை இல்லைதான், ஆனால் பழைய பெயர் அதுவல்ல.

3. கறவைக்கூட்டம்

அப்படியென்றால் நப்பாசை? அதிலும் நப் இருக்கிறதே, அங்கே நல்ல ஆசை என்றா பொருள்?

4. மெய்யெழுத்து

நல்ல கேள்வி, ஆனால் பிரிக்க வேண்டிய இடம் வேறு. நப்பாசை = நப்பு + ஆசை. நிலைமொழி நப்பு, வருமொழி உயிரில் தொடங்குகிறது. முன்னொட்டு "ந"வாக இருந்தால் ஆசைக்கு முன் "ப்" எங்கிருந்து வரும்? ஏட்டுச்சுவடி சொன்ன வரிசையில் இரட்டிக்கும் எழுத்து எப்போதும் வருமொழியின் முதலெழுத்துதான். நப்பின்னையில் "ப்" வருவதற்குக் காரணம் பின்னையின் "பி".

"நப்பி" என்றால் கஞ்சன். அதுவும் இந்த நப்பு வழி வந்ததே. எனவே குழந்தையைச் சுருக்கிக் கூப்பிட நப்பி என்ற உருவைத் தவிர்ப்பது நல்லது.

5. வளையொலி

"நம் பின்னை" தரப்பையும் கேட்டுவிட வேண்டும், அது வெறும் கற்பனை அல்ல. சிலப்பதிகாரம் ஆய்ச்சியர் குரவையில் "பெய்வளைக் கையாள் நம் பின்னைதானாம் என்றே" என்று வருகிறது. ஆயர் மகளிர் உரிமையோடு "நம்ம பின்னை" என்கிறார்கள். அந்த "நம் பின்னை"யே நாளடைவில் நப்பின்னை ஆகியிருக்கக் கூடாதா? மரம் + பலகை மரப்பலகை ஆகிறதே. மகரம் கெட்டு வல்லினம் மிகுவது புதிதில்லையே.

6. மெய்யெழுத்து

மரப்பலகை விதி நம், தம், எம் என்பவற்றுக்குப் பொருந்தாது. இவற்றின் மகரம் கெடாமல் வருகிற வல்லினத்துக்கு இனமான மெல்லினமாகத் திரியும். தம் + கை தங்கை ஆனதே தவிர தக்கை ஆகவில்லை. நம் + சீயர் நஞ்சீயர் ஆயிற்று. பகரத்துக்கு இனம் மகரமே என்பதால் அங்கே மாற்றமே இல்லை: நம்பெருமாள், நம்பிள்ளை. வைணவ மரபுக்குள்ளேயே இத்தனை "நம்" பெயர்கள் இருக்க, ஒன்றாவது நப்பெருமாள், நப்பிள்ளை ஆனதா? நம் + பின்னை நம்பின்னையாகவே நின்றிருக்கும்.

இன்னொன்று. நப்பின்னையை "நம்"மிலிருந்து எடுத்தால் நக்கண்ணையை நம் கண்ணை என்றும் நக்கீரரை நம் கீரர் என்றும் விளக்க வேண்டி வரும். அந்த வரிசை முழுவதற்கும் ஒரே விளக்கம் இருக்கும்போது ஒன்றை மட்டும் தனியே பிடுங்குவது சரியில்லை.

7. ஏட்டுச்சுவடி

இதோடு சேர்த்து ஒரு பக்கச் செய்தி. ஓலையில் பெரும்பாலும் புள்ளி குத்த மாட்டார்கள். பகரமும் மகரமும் வடிவில் நெருங்கியவை. மகரத்தின் வலப்பக்க வளைவு தேய்ந்தாலோ பூச்சி அரித்தாலோ பகரம்தான் மிஞ்சும். நம்பின்னையும் நப்பின்னையும் ஏட்டில் ஓர் இழுப்பு தூரம்தான். வளையொலி காட்டிய அடியில் இரண்டில் எதை வைத்தாலும் அசை மாறாது. சொல் அடியின் நடுவில் இருப்பதால் எதுகையும் கைகொடுக்காது. ஆனால் குரவை ஆடுகிறவர்கள் வாயில் "நம் பின்னை" என்பது பொருளுக்கு அத்தனை இயல்பாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை. அங்கே "நம்" தனிச் சொல், பெயர் "பின்னை" மட்டும்.

8. குரவைக்கூத்து

இனி பின்னைக்கு வருவோம். சண்டை இருப்பது இங்கேதான்.

ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரப் பெயர் சூட்டுகிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரலாக நின்றவளை மாயவன் என்றாள், இளியை வெள்ளை நிற ஆயவன், அதாவது பலராமன் என்றாள். பிறகு: "ஆய்மகள் பின்னையாம் என்றாள்ஓர் துத்தத்தை மற்றையார் முன்னையாம் என்றாள் முறை."

பின்னை, முன்னை. பெயர் வைக்கும் இடத்திலேயே இளங்கோ இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பெரியாழ்வாரிடமும் இதே ஜோடி: "பின்னை மணாளனைப் பேரில் கிடந்தானை முன்னை அமரர் முதல்தனி வித்தினை." நம்மாழ்வாரும் "பின்னை நெடும்பணைத் தோள்மகிழ் பீடுடை" என்று சொல்லி அடுத்த அடியை "முன்னை அமரர்" என்று எடுக்கிறார். மூன்று இடம், மூன்று கவி. அவர்கள் காதில் இந்தப் பெயர் முன்னுக்கு எதிரான பின்னாகத்தான் ஒலித்தது. பின்னால் பிறந்தவள், இளையவள்.

9. ஒற்றுப்பிழை

எதுகைக்கு வேறு என்ன வரும்? பின்னை என்று தொடங்கினால் அடுத்த அடிக்கு முன்னை, என்னை, தன்னை, பொன்னை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எதுகைத் தேவையை வேர்ச்சொல் ஆராய்ச்சி ஆக்கக் கூடாது.

பின்னல் தரப்புக்கும் சான்று இருக்கிறது. சிலம்பு அவளைப் "பொதியவிழ் மலர்க்கூந்தல் பிஞ்ஞை" என்கிறது. ஆண்டாள் ஒரு பாட்டில் "நப்பின்னாய் கந்தம் கமழும் குழலி" என்றும் அடுத்த பாட்டில் "கொத்தலர் பூங்குழல் நப்பின்னை" என்றும் பாடுகிறாள். பெயர் வரும் இடத்தில் கூந்தலும் வந்து நிற்கிறதே, ஏன்? உபகேசி என்ற மாற்றுப் பெயரிலும் கேசம் இருக்கிறது.

10. மெய்யெழுத்து

கூந்தல் அடை வருவது உண்மைதான். ஆனால் அதிலிருந்து சொல்லின் பிறப்புக்குப் போக முடியாது. கவிஞர்கள் பெயரின் ஒலியை வைத்து விளையாடினார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

சொல்லாக்கத்தைப் பாருங்கள். வினையடியில் ஐ விகுதி சேரும்போது ஒற்று இரட்டிக்காது: கொல் + ஐ கொலை, வில் + ஐ விலை. பின்னுதலின் அடியில் அதே ஐ சேர்ந்திருந்தால் பினை என்று வர வேண்டும். முன் என்ற பெயரடியில் ஐ சேரும்போது தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்து முன்னை ஆகிறது. பின்னை அதன் அச்சு. பின்னுதலுக்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர்ச்சொற்கள் பின்னல், பின்னகம் போன்றவை.

ஒற்றுப்பிழையின் எதுகை வாதத்துக்குப் பதில்: எதுகைக்குப் பல சொல் கிடைக்கும், அவரே நான்கு சொன்னார். அத்தனையையும் விட்டுவிட்டு மூன்று இடத்திலும் "முன்னை"யையே எடுத்தது ஏன்?

11. ஒற்றுப்பிழை

வினையடி வாதத்தை ஏற்கிறேன். உபகேசி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

12. வளையொலி

உபகேசி வருவது திருவள்ளுவமாலையில்: "உப்பக்கம் நோக்கி உபகேசி தோள்மணந்தான் உத்தர மாமதுரைக்கு அச்சென்ப." வடமதுரைக்குக் கண்ணன், தென்மதுரைக்கு வள்ளுவர் என்று ஒப்பிடும் வெண்பா. கண்ணனை நப்பின்னையின் கணவன் என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு அவள் தெரிந்த பாத்திரமாக இருந்திருக்கிறாள். வடமொழியில் பெயர் வைத்தவர் பின்னலைத்தான் கேட்டிருக்கிறார், சரி. அவர் கேட்ட பொருள் அது. பிறந்த பொருளும் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

"இளையவள்" என்றால் யாருக்கு இளையவள் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அகராதிகளில் பின்னைக்குத் தங்கை என்றும் திருமகள் என்றும் பொருள் இருக்கிறது. மூதேவி மூத்தவள், அவளைக் குறள் "தவ்வை" என்கிறது. அதனால் திருமகள் இளையவள், பின்னை. இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு "நப்பின்னை என்றால் மகாலட்சுமி" என்று எழுதிவிடுகிறார்கள்.

அதைச் சிலம்பு ஒப்பாது. முன்னே காட்டிய அடிக்கு மேலடியையும் சேர்த்துப் படியுங்கள்: "வையம் அளந்தான்தன் மார்பின் திருநோக்காப் பெய்வளைக் கையாள்." உலகளந்தவன் தன் மார்பில் இருக்கும் திருவைக்கூடப் பாராதபடி செய்தவள் பின்னை. திருமகள் வேறு, பின்னை வேறு, போட்டியே இருவருக்கும்தான். ஆண்டாளோ "நப்பின்னை நங்காய் திருவே துயிலெழாய்" என்று அவளையே திருவாக்கிவிடுகிறாள். இரண்டும் இரண்டு நிலை. குழந்தையின் பெயருக்குப் பொருள் எழுதும்போது "இளையவள், கண்ணனின் தேவி" என்பதோடு நிறுத்தினால் இரண்டோடும் மோதல் வராது.

13. குரவைக்கூத்து

யாருக்கு இளையவள் என்பதில் இன்னொரு கோணமும் உண்டு. குரவையில் மாயவன், தம்முன் பலராமன், பின்னை என்று மூவராக நிற்கிறார்கள். மணிமேகலையிலும் "மாமணி வண்ணனும் தம்முனும் பிஞ்ஞையும் ஆடிய குரவை" என்று அதே மூவர். வடக்கே வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை கண்ணனுக்கும் பலதேவனுக்கும் நடுவே ஏகானம்சையை வைக்கச் சொல்கிறது. அங்கே அவள் தங்கை. தம்முன் என்றால் அண்ணன், பின்னை என்றால் தங்கை. மூவர் கூட்டத்தில் முன்னும் பின்னும் முறைப்பெயர்களாக இருந்து, தமிழில் பின்னை காதலியாகவும் மனைவியாகவும் மாறினாள் என்று வாதிட இடம் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் சாய்கிறவன். ஆனால் தமிழ் நூல்கள் நமக்குக் காட்டும் பின்னை தங்கை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

14. தாழம்பூ

பிஞ்ஞை என்பது வேறு பெயரா, எழுத்துப் பிழையா?

15. ஏட்டுச்சுவடி

பிழை இல்லை, ஒலி மாற்றம். இகரம், ஐகாரம் இவற்றின் பக்கத்தில் னகரம் அண்ணத்தை நோக்கி நகர்ந்து ஞகரமாகும். அன்னைக்கு அஞ்ஞை என்ற வடிவம் இருப்பது போல. சிலம்பில் பின்னையும் உண்டு, பிஞ்ஞையும் உண்டு, ஒரே காதையில்.

பின்னை, நப்பின்னை என்ற தெரிவு பெரும்பாலும் யாப்பு செய்வது. நப்பின்னை மூன்று நேரசை, தேமாங்காய். பின்னை இரண்டு நேரசை, தேமா. இரண்டாம் எழுத்தும் வேறு, ஒன்றில் ப், மற்றதில் ன். திருப்பாவை 20-ஆம் பாட்டின் அடித் தொடக்கங்களைப் பாருங்கள்: முப்பத்து, கப்பம், செப்பம், வெப்பம், செப்பென்ன, நப்பின்னை. பகர எதுகை ஓடும் பாட்டில் "ந" சேர்ந்த வடிவம்தான் பொருந்தும். பெரியாழ்வாருக்கு னகர எதுகை வேண்டியிருந்தது, பின்னை போதும். ஆள் ஒருத்தி, பெயர் ஒன்று. நீட்டுவதும் குறைப்பதும் பாட்டின் வசதி.

16. வளையொலி

நீளா மட்டும் தனிக் கணக்கு. ஸ்ரீ, பூ, நீளா என்ற மூன்று தேவியரில் மூன்றாமவளோடு நப்பின்னையை ஒன்றாக்கியது வைணவ மரபு. பராசர பட்டர் திருப்பாவைக்கு அருளிய வடமொழித் தனியன் (பாசுரத்துக்கு முன் ஓதும் துதிச் செய்யுள்) "நீளா" என்றே தொடங்குகிறது. உரைகாரர்கள் நப்பின்னைப் பிராட்டி என்பார்கள். நீளா சமயத் தத்துவம் வழி வந்த சமன்பாடு, நப்பின்னையின் மொழிபெயர்ப்பு அல்ல. பின்னையிலிருந்து நீளாவுக்கு ஒலிவழியும் இல்லை.

எழுதும்போது கவனம்: நீளாவில் ளகரம். நீலா என்று எழுதினால் நீல நிறத்தவள் என்ற வேறு பெயராகிவிடும். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே வரும், அதனால்தான் குழப்பம்.

17. பனங்கூடல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில "பின்னை" எண்டது நாளாந்தச் சொல். "பின்னை வாறன்", "பின்னை என்ன?" எண்டு நாளுக்கு நூறு தரம் வரும். அங்கை பிள்ளைக்குப் பின்னை எண்டு மட்டும் பேர் வைச்சால் கூப்பிடுறதோ கதைக்கிறதோ எண்டு தெரியாமல் போகும். நப்பின்னை எண்டு முழுசா வைச்சால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நப்பி எண்டு சுருக்கினால் பள்ளிக்கூடத்தில பகிடிதான்.

18. மெய்யெழுத்து

கேலிக்கு இடம் தரும் இன்னோர் இடம் விளி. ஐகார ஈற்றுப் பெயர் விளியில் "ஆய்" ஆகும், தொல்காப்பியம் "ஐ ஆய் ஆகும்" என்று சொல்லிவிடுகிறது. அன்னை, அன்னாய். கோதை, கோதாய். நப்பின்னை, நப்பின்னாய். திருப்பாவையில் "நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்" என்று படித்துவிட்டு, பெயரே நப்பின்னாய் என்று நினைத்துப் பதிந்தவர்களும் உண்டு. அது கூப்பிடும் வடிவம், பெயர் அல்ல. கடைசி அசையை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று விளக்கத் தேவையில்லை. வீட்டில் நப்பின்னை என்று இயல்பாகவே கூப்பிடலாம், ஐகாரம் நீண்டு தானாக விளியாகிவிடும்.

சுருக்கத்துக்கு இருப்பதில் நல்லது பின்னை. பின்னி வேண்டாம்.

வேற்றுமை உருபு சேர்க்கையில் சிக்கல் ஏதும் இல்லை: நப்பின்னையை, நப்பின்னைக்கு, நப்பின்னையின். அடுத்து வல்லினத்தில் தொடங்கும் சொல் சேர்ந்து ஒரு தொடரானால் ஒற்று மிகும், நப்பின்னைப் பிராட்டி போல. ஆனால் கையொப்பத்திலும் சான்றிதழிலும் பெயருக்குப் பின் தந்தை பெயர் வரும்போது ஒற்றுப் போட வேண்டாம். அந்த "ப்" பெயரின் பகுதி என்று தட்டச்சு செய்கிறவர் எடுத்துக்கொள்வார்.

19. பதிவேடு

எழுத்துக்கூட்டல் பற்றி யாரும் இன்னும் இறங்கிப் பேசவில்லை. இந்தப் பெயரில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான்.

தமிழில் ஐந்து எழுத்து: ந, ப், பி, ன், னை. முதலெழுத்து தந்நகரம், பின்னால் வரும் இரண்டும் றன்னகரம். னகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் "னப்பின்னை" கண்ணிலேயே பிழை என்று தெரியும். ஆனால் தெரியாமல் நழுவுவது "நப்பிண்ணை". ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழுக்கு மாற்றும் முறையில் ந, ன, ண மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்துதான், மென்பொருள் தன் ஊகத்தில் ஒன்றை வைக்கும். முதலெழுத்தை நெடிலாக்கி "நாப்பின்னை" என்று கொடுப்பதும் நடக்கும். ஆதார் பதிவில் திரையில் காட்டும் தமிழ் வடிவத்தை ஒவ்வோர் எழுத்தாகப் படித்த பிறகே சரி சொல்ல வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் ண்ண, ன்ன வித்தியாசம் தெரியாது, சுழியை எண்ண வேண்டும். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு.

ஆங்கில எழுத்தில் ஒன்பது: என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ (Nappinnai). "ஒரு பி போதுமே" என்று குறைத்தால் படிப்பவர் நபின்னை என்பார், பகரம் மெலிந்துவிடும். ஒரு என் குறைந்தாலும் அதே கதை, நப்பினை ஆகும். கடைசியில் ஏ, ஐ என்பதற்குப் பதில் ஏ, ஒய் போட்டால் நப்பின்னாய் என்று படிக்க வழி செய்கிறோம். வெறும் ஈ போட்டால் வெளிமாநிலத்தில் நப்பின்னே. ஒன்பது எழுத்தும் இருக்கட்டும், எண் கணிதம் பார்த்து ஓர் ஏ, ஓர் எச் சேர்ப்பது வம்பு.

20. தாழம்பூ

சான்றிதழில் தவறாக ஏறிவிட்டால்?

21. பதிவேடு

இந்தியாவில் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஆனால் அப்போதே பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு 14-ஆம் பிரிவின்படி பிறகு சேர்க்கலாம். 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. இப்படி அபூர்வமான பெயர் என்றால் அந்த அவகாசத்தைப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். மருத்துவமனையில் அவசரத்தில் வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். "நப்பின்னை" என்று காதால் கேட்டு எழுதுகிறவர் புன்னை என்றோ பின்னி என்றோ எழுதுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழைப் பிரித்து ந-ப்-பி-ன்-னை என்று ஒரு வரி அடியில் போட்டால் இன்னும் நல்லது.

ஏறிய பிழையைத் திருத்த 15-ஆம் பிரிவு இருக்கிறது. எழுத்துப் பிழை என்று காட்ட முடிந்தால் பதிவாளரிடமே முடியும். பெயரையே மாற்றுவது வேறு வழி, தமிழ்நாட்டில் எழுதுபொருள் அச்சுத் துறை மூலம் அரசிதழில் வெளியிட வேண்டும். நப்பின்னாய் என்று பதிந்ததை நப்பின்னை ஆக்குவதைச் "சின்னத் திருத்தம்" என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள்.

1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆவணம். பள்ளி சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை அதைத்தான் கேட்பார்கள். அங்கே ஒரு "பி" குறைந்தால் எல்லா இடத்திலும் அந்தக் குறை தொடரும்.

22. ஏட்டுச்சுவடி

பதிவேடு சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. பழைய அச்சில் இந்தப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் னை, ணை, லை, ளை நான்குக்கும் தலைக்கு மேல் துதிக்கை போல வளைந்த கொம்பு இருக்கும். இன்று போடும் இரட்டைச் சுழிக் கொம்பு வராது. பழைய பதிப்பைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் அந்தத் துதிக்கை னையைத் தவறாகப் படித்துவிடும். "நப்பின்னை" என்று தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் "நப்பின்" என்று நான்கு எழுத்தோடு நிறுத்தித் தேடுங்கள். நப்பின்னாய் என்ற விளியும் அதிலேயே சிக்கும். பின்னை என்று மட்டும் தேடாதீர்கள், "பிறகு" என்ற பொருளில் வரும் பின்னை ஆயிரக்கணக்கில் வந்து விழும். சிலம்புக்கும் மணிமேகலைக்கும் "பிஞ்ஞை" என்று தனியாக ஒரு முறை.

23. ஒற்றுப்பிழை

இதே வார்ப்பில் வேறு பெயர் வேண்டுவோருக்கு: நன்முல்லை சொல்லவும் எழுதவும் எளிது. நச்செள்ளை அழகுதான், ஆனால் "நச்சு" காதில் விழும். நக்கண்ணையில் "நக்கு". சங்கப் பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. அந்த வரிசையில் வல்லினம் இரட்டித்தும் இன்றைய காதுக்குத் தப்பித்து நிற்பது நப்பின்னைதான், அதுவும் நப்பி என்று சுருக்காத வரை.

24. வளையொலி

துளசியை விரும்புகிறவர்களுக்கு அத்துழாய் உண்டு. "செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப" என்று நப்பின்னையை எழுப்பும் அந்தப் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டே இராமானுசர் பிச்சைக்கு வர, கதவைத் திறந்த பெண் பெரிய நம்பியின் மகள் அத்துழாய் என்பது ஒரு மரபுக் கதை. அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் மூர்ச்சித்தார் என்பார்கள். அந்தப் பெயரில் ஆங்கில எழுத்துச் சிக்கல் இதைவிடப் பெரிது, ழகரம் இருக்கிறது. அதற்குத் தனி இழை போடலாம்.

25. தாழம்பூ

நிறைய தெளிந்தது, நன்றி. பெயர்ப் பட்டியலில் இடவிருக்கும் வரி இது: "நப்பின்னை: ந (சிறப்பு முன்னொட்டு) + பின்னை (இளையவள்). கண்ணனின் தேவி. வேறு வடிவங்கள்: பின்னை, பிஞ்ஞை. தொடர்புடைய பெயர்கள்: உபகேசி, நீளா. விளி: நப்பின்னாய்." ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

26. ஒற்றுப்பிழை

உபகேசிக்குப் பக்கத்தில் "பின்னலைக் கருதி இட்ட வடமொழிப் பெயர்" என்று நாலு சொல் சேருங்கள். அது இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

27. தாழம்பூ

சேர்த்தாயிற்று.